சிவப்பு வட்டு டைமர்: ஓர் ஆண்டு வகுப்பில் வைத்துப் பார்த்தபின்

60 நிமிட டைமர் இது. திருகி வைத்தால் முகப்பில் சிவப்பு வட்டு விரியும். நேரம் போகப் போகச் சுருங்கும். எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம், மீதி எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும். மேசை மாறி மாறிப் பேசும் குழு விவாதத்துக்காகத்தான் வாங்கினேன்.

என் வகுப்பில் 36 பேர். ஆறு மேசை, மேசைக்கு ஆறு பேர். சுற்றுக்கு 8 நிமிடம். சுற்று முடிந்ததும் ஒருவர் அங்கேயே இருப்பார், மற்ற ஐவரும் ஆளுக்கொரு மேசைக்குப் பிரிந்து போவார்கள். 1995-இல் ஜுவானிட்டா பிரவுனும் டேவிட் ஐசக்ஸும் தொடங்கிய ‘வேர்ல்டு கஃபே’ முறையிலிருந்து எடுத்தது. அதில் ஒரு சுற்றுக்கு வழக்கமாக 20 நிமிடமாவது கொடுப்பார்கள். 45 நிமிட பீரியடில் அதற்கு வழியில்லை.

முன்பெல்லாம் நானே கையைத் தட்டி “மாறுங்க” என்பேன். பாதிப் பேச்சில் இருக்கும் பிள்ளையின் வாக்கியம் அப்படியே அறுந்துவிடும். இப்போது சிவப்பு மெலிந்ததும் அவர்களே, “சரி, நீ இன்னும் பேசலையே, சொல்லு” என்று ஒருவர் பக்கம் திரும்புகிறார்கள். இதற்காகவே இந்த டைமர் பிடித்துப்போனது.

ஒரு நாள் கேள்வி: நிழலில் போட்ட ஈரத்துணி எப்படிக் காய்கிறது? மேசையில் தங்கியவள் வகுப்பில் வாயே திறக்காத மாணவி. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சார்ட் பேப்பரில் விரல் வைத்துக் காட்டினாள். “முதல்ல இருந்தவங்க காத்துதான் காரணம்னு சொன்னாங்க.” விரல் அடுத்த அம்புக்குறிக்கு நகர்ந்தது. “எனக்கு அது மட்டும் போதும்னு தோணலை.” அடுத்தவர் கருத்தைச் சொல்லத் தொடங்கித் தன் கருத்துக்கு வந்து சேர்ந்தாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம், குறைகள். நேரம் முடிந்ததும் டைமர் எழுப்பும் சத்தம் மிகவும் மெல்லியது, 36 பேர் பேச்சில் கேட்காது. ஒரு மாணவரிடம் கைமணி கொடுத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய குறை, 60 நிமிட வட்டில் 8 நிமிடம் என்பது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கடைசி மேசையிலிருந்து பார்த்தால் வெறும் கீற்றுதான். இதே வகையில் 20 நிமிட வட்டு உள்ளதும் கிடைக்கிறது. அதில் 8 நிமிடம் வட்டில் ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பும். குழு விவாதத்துக்கு வாங்குகிறவர்கள் அதையே, முகப்பு பெரிதாகப் பார்த்து வாங்குங்கள்.