யோகா வகுப்பா, மௌனத் தியானமா, மூச்சுப் பயிற்சியா?

மனஇறுக்கம் குறைய வழி கேட்டால் நாகர்கோவிலில் முதலில் வரும் பதில் யோகா வகுப்பு. அடுத்தது பத்து நாள் மௌன முகாம். மூச்சுப் பயிற்சியை மட்டும் யாரும் தனியாகச் சொல்வதில்லை, யோகாவில் அதுவும் ஒரு பகுதி என்று விட்டுவிடுகிறார்கள். நான் தேர்ந்தெடுத்திருப்பது அந்தப் பகுதியைத்தான்.

மூன்றுமே மனசை லேசாக்கும், தூக்கத்துக்கும் உதவும். அதில் பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டாம். நான் பார்த்தது வேறொன்றை: நடுவில் விட்டுப்போனால் மறுபடி தொடங்குவது எவ்வளவு சுலபம்?

ஏனென்றால், இங்கே விட்டுப்போவது நிச்சயம். குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. அப்புறம் கல்யாண வீடு, கோவில் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, பிள்ளைகளின் பரீட்சை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கோ விடியற்காலைதான் வேலை நேரம்.

யோகா இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1972-இல் தொடங்கிய, யோகாவும் கற்பிக்கும் விவேகானந்த கேந்திரம் கன்னியாகுமரியிலேயே இருக்கிறது. நல்ல ஆசிரியர் கிடைத்தால் முதுகு, தோள், இடுப்பு எல்லாம் இளகும். மூச்சுப் பயிற்சி மட்டும் அதைச் செய்யாது. உட்கார்ந்தே வேலை செய்து உடம்பு இறுகிப்போனவர்களுக்கு யோகாவே மேல் என்பேன். ஆனால் ஒரு மாதம் விட்டால் உடம்பு மறுபடி இறுகிவிடும், வகுப்பும் நம்மை விட்டு முன்னே போயிருக்கும். எங்கள் மைனி மழைக்காலத்தில் நிறுத்தினார். "எல்லாரும் குனிஞ்சு கால தொடுதாவ, நான் மட்டும் எப்படிப் போய் நிக்க?" என்று பிறகு போகவே இல்லை.

விபாசனா என்னும் அந்தப் பத்து நாள் மௌனத் தியான முகாமுக்கு நான் போனதில்லை. போய்வந்த நண்பர்கள் சொன்னதை வைத்தே பேசுகிறேன். காலை நான்கு மணிக்கு எழுந்து, நாளெல்லாம் பேச்சில்லாமல், சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். கட்டணம் கிடையாது, ஆனால் பத்து நாள் விடுப்பு எல்லோருக்கும் கிடைக்காது. வந்தபின் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். அது அறுந்துபோனால் திரும்ப உட்காரும்போது மனசு முன்னைவிட அதிகமாக அலைகிறதாம். நம் ஊரில் அமைதியாக உட்கார விவேகானந்தர் பாறையில் தியான மண்டபம் இருக்கிறது, அருமையான இடம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது என்பதால் அதைத் தினசரிப் பழக்கமாக்க முடியாது.

மூச்சுக்கு வருவோம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுகிறேன். நொடிக்கு ஒரு எண் என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு; பத்து நிமிடத்துக்கு அறுபது. மூச்சை அடக்குவதில்லை. மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும் விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். விடும் மூச்சு நீளும்போது, இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் வேலை ஓங்குகிறது, படபடப்பு தணிகிறது. நாடியில் விரல் வைத்துப் பார்த்தால் நீங்களே உணரலாம்.

ஒரு மாதம் விட்டுவிட்டு இன்று தொடங்கினாலும், அந்த அறுபது மூச்சு அதே அறுபது மூச்சுதான். உடம்பு வளைய வேண்டாம், யார் முன்னாலும் கூச்சப்பட வேண்டாம், அடைமழையும் தடையில்லை. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் போதும், தக்கலை வருவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். ஜலதோஷத்தில் மூக்கு அடைத்தால் அன்று மூக்கு வழியாக இழுத்து விடுவது என்னால் முடிவதில்லை, விட்டுவிடுவேன். மறுநாள் தொடர்வதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை.

இது நீண்ட நாள் மனச்சோர்வுக்கு மருந்தென்று சொல்ல மாட்டேன், அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையையும் இதை நம்பி நிறுத்தக் கூடாது. வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா இரண்டும் வேறு வகை. உயர் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மெதுவான மூச்சிலும் தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சுவிடுங்கள்; மறுநாள் எண்ணிக்கையை மூன்றுக்கு நான்கு என்று குறைத்துக்கொள்ளலாம்.