இடித்தவர் காசு கேட்கவில்லை, இழுத்துப் போனவர்தான் கேட்டார்

வண்டி இழுத்த கூலி 6,500 ரூபாய். எஸ்டிமேட் போட்டதற்கு 4,000. முன்பக்கம் பிரித்ததற்கு 5,000. நிறுத்தி வைத்ததற்கு நாளொன்றுக்கு 500. தஞ்சாவூர் புறவழிச்சாலை ஓரம் இருக்கும் ஒரு மெக்கானிக் ஷெட்டில் எனக்குக் கொடுத்த துண்டுச் சீட்டில் இவ்வளவுதான் இருந்தது. பழுது பார்த்த கூலி என்று ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் பழுது எதுவும் பார்க்கவில்லை. ஜிஎஸ்டி எண் இல்லை, கடையின் பெயரும் இல்லை. டெல்டா பக்கம் கார் ஓட்டுகிறவர்கள், அதுவும் முகூர்த்த நாளில் டவுனுக்குள் வருகிறவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

தை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில் நடந்தது இது. சம்பா அறுவடை நேரம் வேறு. கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டர், இரண்டு பக்கமும் வைக்கோல் பிதுங்கிய லாரி, கல்யாண வேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊருக்குள் நுழைந்திருந்தன. மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு பைக் குறுக்கே திரும்ப, முதல் கார் சட்டென்று பிரேக் போட்டது. அடுத்த கார் நின்றது. மூன்றாவதாக நானும் நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த வாடகைக் காரும் அதற்குப் பின்னால் வந்த இன்னொரு காரும்தான் நிற்கவில்லை. பின்னாலிருந்து விழுந்த இடியில் என் வண்டி தள்ளப்பட்டு, முன்னால் நின்ற மன்னார்குடிக்காரர் வண்டியில் போய் முட்டியது.

வண்டி இடித்தால் சட்டையைப் பிடிப்பார்கள் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அன்றைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. வாடகைக் கார் ஓட்டுநர் இறங்கி வந்து, "என் மேலதாங்க தப்பு" என்று சொல்லி லைசென்ஸையும் இன்சூரன்ஸையும் போட்டோ எடுத்துக்கொள்ளக் கொடுத்தார். மன்னார்குடிக்காரர் என் மாமியாருக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத்தான் தன் பம்பரைப் பார்க்கப் போனார். மாமியாருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு திரும்பவே முடியவில்லை. அவரை ஆட்டோவில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கூட வந்திருந்த நாத்தனார் மகன் வண்டியோடு நின்றான். கல்லூரி முதலாமாண்டு படிக்கிற பையன்.

நான் எக்ஸ்ரே அறை வாசலில் நின்ற நேரத்தில், போலீஸ் வருவதற்கு முன்பே, ஒரு ரெக்கவரி வண்டி அங்கே வந்துவிட்டது. அதில் வந்த ஆள் நேராகப் பையனிடம் போயிருக்கிறார்.

"தம்பி, வண்டிய இப்படியே போட்டு வச்சா ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் கோர்ட்டுக்குப் போய்த்தான் மீட்கணும். டிராபிக்ல சொல்லித்தான் நான் வந்தேன். சாவியக் குடு. இன்சூரன்ஸ்ல கேஷ்லெஸ்ஸா முடிச்சுத் தந்துடுறோம்."

பையன் எனக்கு அழைத்துப் பார்த்திருக்கிறான், லைன் கிடைக்கவில்லை. போலீஸ் பெயரைச் சொன்னதும் பயந்துவிட்டான். ஒன்றும் எழுதாத தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை ஏற்றிப் போய்விட்டார்கள். பிறகு விசாரித்தபோது அங்கே பணியில் இருந்த போக்குவரத்துக் காவலர், "நாங்க யாரையும் அனுப்பலையேம்மா" என்றார்.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனால் என் வண்டியின் முன் பம்பர், இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் கழற்றித் தரையில் கிடக்கின்றன. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் இன்னும் வரவே இல்லை. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். விபத்து எப்படி விட்டதோ அப்படியே வண்டியை சர்வேயர் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பிரித்துப் போட்டுவிட்டால் எது இடியில் உடைந்தது, எது ஷெட்டில் உடைந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். இடது ஹெட்லைட்டில் மட்டும்தான் விரிசல், பையன் சம்பவ இடத்திலேயே எடுத்த போட்டோவில் தெளிவாகத் தெரிகிறது. ஷெட் எஸ்டிமேட்டில் இரண்டு ஹெட்லைட், ஏசி கண்டென்சர், முன் கண்ணாடி எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய். அதே வண்டிக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பின்னால் போட்ட எஸ்டிமேட் 52,000.

கேஷ்லெஸ், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியே நேராக ஷெட்டுக்குப் பணம் கொடுத்துவிடும் என்றார்களே, அதுவும் பொய். பாலிசியில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் போட்டேன், அந்த ஷெட் அவர்கள் பட்டியலிலேயே இல்லை என்றார்கள். விபத்து நடந்த இடத்துக்கே வண்டி அனுப்பும் சாலையோர உதவி பல பாலிசிகளில் இருக்கிறது, என்னுடையதிலும் இருந்தது. உங்கள் பாலிசியை இப்போதே எடுத்துப் பாருங்கள். அந்த எண் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது, வீட்டில் வண்டியில் ஏறுகிற எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

"எடுத்துட்டுப் போங்க மேடம், பில்லை மட்டும் கட்டிடுங்க" என்றார் ஷெட்காரர். பணம் கட்டாமல் சாவி தர முடியாதாம். என் பெரியப்பா வழக்கறிஞர். அவர் சொன்னது இது: 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவுப்படி, ஒப்படைத்த பொருளில் வேலை செய்தவர் கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது, நாம் சொல்லி அவர் உழைப்பையும் திறமையையும் போட்டுச் செய்த வேலைக்கு. யாரும் கேட்காமல் பம்பரைக் கழற்றிவிட்டு வாடகை கேட்பதற்கு இல்லை. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினேன். உதவி ஆய்வாளர் ஒரு போன் செய்தார், பில் 9,000 ரூபாயாக இறங்கியது. நாலு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு அதுவே கொள்ளைதான். ஆனால் வண்டி அங்கே நிற்க நிற்க இன்னும் என்னென்ன காணாமல் போகுமோ என்று பயம். ரொக்கமாகத் தராமல் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பி, சீட்டின் பின்னால் "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று எழுதி ஷெட்காரரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார் பெரியப்பா. அப்படியே செய்தேன்.

பயந்தபடியே ஆனது. சர்வீஸ் சென்டரில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தீபாவளிக்கு மாற்றிய புது பேட்டரி இருந்த இடத்தில் முனை பூத்துப்போன பழைய பேட்டரி ஒன்று உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, வாரண்டி அட்டையில் சீரியல் எண் இருந்தது. அந்த அட்டை நகலை வைத்து இன்னொரு மனு கொடுத்ததும், ஒரு பையன் மொபெட்டில் என் பேட்டரியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டான்.

இன்சூரன்ஸ் பக்கம் எனக்குக் குறை இல்லை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். என் பாலிசியில் ஜீரோ டெப், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் வசதி, கிடையாது. அதனால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் கிடைத்தது. நாலு வயது தாண்டிய வண்டி என்பதால் உலோகப் பாகங்களில் 35 சதவீதம் கழித்தார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்றால் நாம் கையிலிருந்து ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். வண்டி இழுத்ததற்குப் பாலிசி தருவது அதிகபட்சம் 1,500. நான் கொடுத்த 9,000ஐ நினைத்துப் பாருங்கள்.

சர்வேயர் கேட்ட முக்கியமான கேள்வி, முன்னால் நின்ற காருக்கு எத்தனை இடி விழுந்தது என்பது. ஒரே இடி என்றால் நான் நின்றிருந்தேன், பின்னால் வந்தவர் என்னைத் தள்ளியிருக்கிறார். இரண்டு இடி என்றால் நானே முதலில் முட்டியிருக்க வாய்ப்பு உண்டு. மன்னார்குடிக்காரர் போனிலேயே "ஒரே இடிதான் சார்" என்று சொல்லிவிட்டார். ஆக, தொடர் மோதலில் முன்வண்டிக்காரர் எண்ணை வாங்காமல் நகராதீர்கள். பின்னால் இடித்தவரின் இன்சூரன்ஸிலிருந்து வண்டிச் சேதத்துக்கு ஈடு கேட்க வேண்டுமானால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் போக வேண்டும், அதற்கு விபத்து நடந்ததிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். நான் போகவில்லை. அந்த ஓட்டுநர் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

மாமியாருக்கு எலும்பில் ஒன்றுமில்லை, கழுத்துப் பட்டையோடு அனுப்பிவிட்டார்கள். விபத்துக் காயங்களைக் குறித்து மருத்துவமனையில் போடும் ஏஆர் பதிவின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் வலி கூடினால் அதுதான் ஆதாரம். தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவுக்கு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செல்லும்.

போலீஸ் அனுப்பியதாக ஒருவர் வந்து நின்றால் அவர் எதிரிலேயே 100க்கோ 112க்கோ போன் போட்டுக் கேளுங்கள். உண்மையான ஆள் என்றால் காத்திருப்பார். திருச்சி சாலை மாதிரி தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் நெடுஞ்சாலை உதவி எண் 1033. எந்த அவசரத்திலும் வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். வண்டியைக் கிளப்பும் முன் நாலு பக்கமும், பானெட்டைத் திறந்து பேட்டரியையும், டிக்கியையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், ஷெட்டிலிருந்து பதில் வரவில்லை. இப்போது தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, நாமே வாதாடலாம். வழக்கு நடப்பதால் ஷெட்டின் பெயரை எழுதவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். டிக்கியில் இருந்த ஜாக்கியும் வீல் ஸ்பானரும் இன்னும் திரும்பி வரவில்லை. அதையும் மனுவில் சேர்த்திருக்கிறேன்.