டெல்லி கோடை இரவு: கூலரா, ஏசியா, மொட்டை மாடியா?

டெல்லிக்கு மாற்றலாகி வரும் நம் ஊர்க்காரர்கள், ஏப்ரல் பிறந்ததும் தவறாமல் கேட்கும் கேள்வி இது: கூலர் போதுமா, ஏசி வாங்கத்தான் வேண்டுமா? சென்னையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கடல் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் அங்கே கூலர் எடுபடாது. டெல்லியில் அப்படியில்லை. இங்கே வெயில் காலம் என்பது இரண்டு காலம். ஏப்ரல் முதல் ஜூன் பாதி வரை காய்ந்த சூடு, மழை வந்தபின் பிசுபிசுப்பு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பொருள் வாங்குகிறவர்கள்தான் ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறார்கள்.

தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்சூடு கொஞ்சமாவது இறங்க வேண்டும். அந்தச் சூடு கை, கால், முகத் தோல் வழியாகத்தான் வெளியேறும். அறையே கொதித்தால் எங்கே போகும்? 2024 ஜூனில் டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஒரு நாளின் குறைந்தபட்ச வெப்பமே 35.2 டிகிரி பதிவானது. விடியற்காலையிலும் அதற்குக் கீழே இறங்கவில்லை. அந்த மாதிரி இரவில் மின்விசிறி மட்டும் போட்டுப் படுப்பது சமாளிப்புதானே தவிர, ஓய்வு ஆகாது.

முதலில் கூலர். என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், ஆனால் ஜூன் வரைக்கும்தான். பக்கங்களில் அடைத்திருக்கும் ஈரப் புல் வழியாகக் காற்றை இழுத்து, தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டைக் குறைப்பது இதன் வேலை. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. மே மாத ராத்திரி வெளியே 34 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், நல்ல கூலர் காற்றை 24 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். அதே கூலரை ஜூலையில் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் ஓட்டினால் மூன்று டிகிரிகூடக் குறையாது. அதோடு அறைக்குள் மேலும் ஈரத்தைத் தள்ளும். வேர்வை காயாது, தலையணை உறை நசநசக்கும்.

கூலர் சரியில்லை என்று குறை சொல்பவர்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது ஜன்னலைத்தான். ஏசி பழக்கத்தில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டுக் கூலரைப் போடுவார்கள். உள்ளே வரும் காற்று வெளியே போக வழி வேண்டும். எதிர்ப்பக்க ஜன்னலோ கதவோ ஒரு சாண் திறந்திருந்தால் போதும், அறையின் நிலைமையே மாறிவிடும். கூலரும் ஜன்னலுக்கு வெளியே முழுக்க நிற்க வேண்டும். அறைக்குள் வைத்தால் ஏற்கெனவே ஈரமான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

இன்னொன்று. பம்பை முதலில் போட்டுவிடுங்கள். மேலே இருக்கும் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டி, மூன்று பக்கப் புல்லும் கீழ்வரை கறுத்து நனைய பத்து நிமிஷமாவது ஆகும். அப்புறம் விசிறியைப் போட்டால் எடுத்த எடுப்பிலேயே குளிர்ந்த காற்று வரும். புல் காய்ந்திருக்கும்போதே விசிறியைப் போட்டால் வருவது தெருப் புழுதியும் சூடும்தான். ஏப்ரலில் தெருவில் புல் மாற்றுகிறவர்கள் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள், அப்போதே மாற்றிவிடுவது நல்லது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வெட்டிவேர்த் தட்டி போட்டுக்கொள்ளலாம். முதல் இரவு அறை முழுக்க நம் ஊர்ப் பானைத் தண்ணீரின் வாசம் வரும். அதற்காகவே போடலாம் என்பேன்.

கூலரில் நான் பயப்படுவது கொசுவுக்குத்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டியில் தேங்கும் தெளிந்த தண்ணீர் போதும், முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரை முழுக்க வடித்து, தொட்டியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் நிறுத்தி வைத்த கூலரில் மிச்சத் தண்ணீரை விட்டுவைப்பது அக்கம்பக்கத்துக்கே ஆபத்து. இதைச் செய்ய நேரமில்லாதவர்கள் கூலர் வாங்க வேண்டாம். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் காலனிகளிலும் யோசிக்க வேண்டும், காய்ந்த நாளில் அது குடிக்கிற தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்தது ஏசி. மழைக்காலத்துக்கு இதை விட்டால் வேறு வழியில்லை, ஏனென்றால் இது காற்றிலிருந்து ஈரத்தையும் எடுக்கிறது. 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் நிற்கும்படி விதி இருக்கிறது. நான் அதையும் தாண்டி 26இல் வைத்து மேலே விசிறியை மெதுவாக ஓடவிடச் சொல்வேன். 18இல் வைத்துவிட்டு ரஜாயை, அதாவது பஞ்சுப் போர்வையை, போர்த்திக்கொள்வது கரண்டுக்கும் கேடு, நடுராத்திரி தொண்டை வறண்டு எழுவதற்கும் வழி. சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஓர் அறையில் நான்கு பேர் படுத்தால், கதவை விரலளவு திறந்து வைப்பது நல்லது.

செலவைப் பார்த்தால், 200 வாட் கூலர் எட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டை ஒட்டித்தான் எடுக்கும். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஐந்தாறு யூனிட் எடுக்கலாம். மாதக் கணக்கில் ஐம்பதுக்கும் நூற்றைம்பதுக்கும் உள்ள வித்தியாசம் இது. டெல்லியில் 2019இல் கொண்டுவந்த சலுகைப்படி 200 யூனிட் வரை கட்டணமில்லை, 400 வரை பாதி மானியம் என்பதால், ஏசி உங்களை எந்தப் படியில் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராமலே போகலாம். கரண்ட் போனால் வீட்டிலுள்ள சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியில் கூலர் ஓடும், ஏசி ஓடாது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

மொட்டை மாடியைப் பற்றிப் பழைய டெல்லித் தமிழர்கள் கண்கள் விரியச் சொல்வார்கள். கரோல்பாக் பர்சாத்திகளில், அதாவது மொட்டை மாடி அறைகளில், சாயங்காலம் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சூடு இறங்கியதும் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்த கதை. அதில் உண்மை உண்டு, திறந்த வானத்தின் கீழ் உடம்பின் சூடு சீக்கிரம் போகும். ஆனால் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய வெயிலை ராத்திரியில்தான் திருப்பித் தருகிறது, அதனால் பத்து மணிக்கு முன் மேலே போய்ப் பயனில்லை. கொசுவலை கட்டாயம். ஆந்தி என்கிற புழுதிப் புயல் அடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். எனக்குப் பிடித்தமான இடம்தான், ஆனால் சிறு குழந்தையையும் மூச்சுத் தொந்தரவு இருப்பவரையும் அங்கே படுக்க வைக்க மாட்டேன்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? தரைத்தளமோ முதல் மாடியோ, எதிரெதிர் ஜன்னல்களும் இருந்தால் கூலர். மேலே வெறும் தளமாக இருக்கும் கடைசி மாடி என்றால், சுவரே சூட்டைக் கக்கும், அதற்கு ஏசிதான். வீட்டில் எழுபது வயதுக்காரர் இருந்தால் நான் கணக்கே பார்க்க மாட்டேன், ஏசிதான். ‘முட்டியெல்லாம் பிடிச்சுக்குது, அதை அணைச்சிடுப்பா’ என்று அம்மா சொன்னாலும், அணைப்பதற்குப் பதில் காற்று நேராக மேலே படாதபடி கட்டிலை நகர்த்தி, 27இல் வைத்து, காலுக்கு ஒரு போர்வை கொடுங்கள். வயதானவர்களுக்குத் தாகமும் சூடும் தாமதமாகத்தான் தெரியும். வெயில் அலை அடிக்கும் இரவில் அவர்களுக்கு ஏசி சொகுசு இல்லை.

இன்னும் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே கூலர் ஸ்டாண்ட் நிற்க இடம் இருக்கிறதா, எதிரில் காற்று போக வழி இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.