வட ஐரோப்பியத் துறைமுகங்கள்: பெரிய கப்பலா, ஆற்றுக் கப்பலா, ராத்திரி ஃபெர்ரியா?

ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, தாலின். இந்த ஊர்களைத் தண்ணீர் வழியாகவே சுற்றிப் பார்க்க இன்று நாலு வழி இருக்கிறது. மூவாயிரம், நாலாயிரம் பேர் ஏறும் பெரிய கடல் கப்பல். சில நூறு பேர் மட்டும் போகும் சிறிய கடல் கப்பல். இருநூறு பேருக்குள் அடங்கும் ஆற்றுக் கப்பல். அப்புறம், உள்ளூர்க்காரர்கள் வாரக் கடைசியில் ஏறிப்போகும் ராத்திரி ஃபெர்ரி. விளம்பரங்கள் கேபினையும் சாப்பாட்டையும் நீச்சல் குளத்தையும் காட்டும். அவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கப்பலை எந்தக் கரையில் கட்டி நிறுத்துகிறார்கள், இறங்கினால் ஊருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோதான் ஓர் ஊருக்குக் கிடைக்கிறது. அதில் பாதி பஸ்ஸில் போனால் பயணத்தில் என்ன மிச்சம்?

இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. வட ஐரோப்பாவின் பெரிய வணிக நகரங்கள் பலவும் கடலோரத்தில் பிறந்தவை அல்ல. ஆற்றின் மேல் பிறந்தவை. ஹாம்பர்க் வடகடலிலிருந்து எல்பே ஆற்றில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆன்ட்வெர்ப் ஷெல்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது. இடைக்காலத்தில் இந்த ஊர்களை இணைத்த ஹான்சா என்ற வணிகக் கூட்டணிக்காரர்களின் கப்பல்கள் சிறியவை. சந்தைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். இன்று 300 மீட்டர் நீளக் கப்பலுக்கு அந்த இடமெல்லாம் போதாது.

அதனால் பெரிய கப்பலின் பயணத் திட்டத்தில் அச்சாகும் ஊர்ப்பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. 'பெர்லின்' என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது பால்டிக் கரையில் உள்ள வார்னமுண்டேயில். அங்கிருந்து பெர்லின் போக மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். பிராண்டன்பர்க் வாசல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டியதுதான். என்னைக் கேட்டால் அன்று பெர்லினை விட்டுவிடலாம். வார்னமுண்டேயின் கலங்கரை விளக்கத்தையும் அகலமான மணல் கரையையும் பார்த்துவிட்டு, உள்ளூர் ரயிலில் பக்கத்திலுள்ள ரோஸ்டாக் போய்வந்தால் நிம்மதியான நாள். 'ப்ரூஜ்' என்றால் ஸேப்ரூகே. 'க்டான்ஸ்க்' என்றால் பெரும்பாலும் க்டினியா. இவை இரண்டும் பரவாயில்லை, தூரம் குறைவு.

மனசுக்குக் கஷ்டமாக இருப்பது ஸ்டாக்ஹோம்தான். மிகப் பெரிய கப்பல்கள் தெற்கே 60 கிலோமீட்டர் தள்ளி நைனாஸ்ஹாமிலேயே நின்றுவிடுகின்றன. நகரத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டாக்ஹோமுக்கு வெளியே ஏறக்குறைய 30,000 தீவுகளும் பாறைத் திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே கப்பல் மெதுவாக வளைந்து வளைந்து போகும் அந்த சில மணி நேரம்தான் பால்டிக் பயணத்தின் உச்சம். நைனாஸ்ஹாமில் நிற்கும் கப்பலுக்கு அது கிடைக்காது.

இன்னொன்று: பழைய பயணக் குறிப்புகளை வைத்துத் திட்டம் போடாதீர்கள். ஒரு காலத்தில் பால்டிக் பயணம் என்றாலே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான் நடுநாயகம். 2022-க்குப் பிறகு பெரிய கப்பல் நிறுவனங்கள் அங்கே போவதில்லை. அந்த இடத்தை ரீகா, விஸ்பி போன்ற ஊர்கள் பிடித்திருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமும் மாறிவிட்டது. 2026 முதல் ஆண்டுக்கு 100 கடல் கப்பல்கள் போதும் என்று நகர நிர்வாகம் முடிவு செய்தது. ஆகவே 'ஆம்ஸ்டர்டாம்' என்று விற்கப்படும் பயணம் ராட்டர்டாமிலோ, கடற்கரை ஊரான ஐமைடனிலோ முடியலாம்.

பெரிய கப்பலுக்கு நல்ல பக்கமும் உண்டு. பத்து வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் சரி. ஓர் இரவுக்கு ஆகும் செலவும் சிறிய கடல் கப்பலையும் ஆற்றுக் கப்பலையும்விடக் குறைவு. முன்கூட்டியே சொல்லிவைத்தால் சைவச் சாப்பாட்டுக்கும் பெரிய சமையலறையில் வழி இருக்கும். தாலினில் இறங்கினால் இருபது நிமிட நடையில் மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள் போய்விடலாம். கோபன்ஹேகனில் லாங்கலினி கரையில் கட்டினால் கடற்கன்னி சிலை நடக்கும் தூரம்தான். பெரிய கப்பல்கள் அநேகமாக அதைத் தாண்டி ஓஷன்காய் முனையத்துக்குப் போய்விடும்.

ஆற்றுக் கப்பல் முற்றிலும் வேறு உலகம். ஆம்ஸ்டர்டாமில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பின்னாலேயே கட்டியிருப்பார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டே போய் ஏறிவிடலாம். அங்கிருந்து ஹூர்ன், ராட்டர்டாம், காற்றாலைகள் வரிசையாக நிற்கும் கிண்டர்டைக், ஆன்ட்வெர்ப், கெண்ட் என்று ஒரு சுற்று. ஆன்ட்வெர்ப்பில் ஆற்றங்கரையிலிருந்தே 123 மீட்டர் உயர தேவாலயக் கோபுரம் தெரியும். அதைப் பார்த்து நடந்தால் ஊரின் நடுவில் இருப்பீர்கள். வாந்தி, தலைசுற்றல் பயம் இல்லை. சுற்றிக்காட்டும் செலவு பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கிவிடும்.

இந்தக் கப்பல்களின் அகலம் ஏன் 11.4 மீட்டர் என்று பார்த்தால் ஐரோப்பிய நீர்வழிகளின் கணக்கே புரியும். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் பல மதகுத் தொட்டிகளின் அகலம் 12 மீட்டர். கப்பல் உள்ளே நுழையும்போது இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளிதான். பால்கனியில் நின்றால் பாசி பிடித்த ஈரச் சுவர் முகத்துக்கு நேரே மேலேறிப் போகும். தாழ்ந்த பாலம் வந்தால் மாலுமியின் அறையையே கீழே இறக்கிவிடுவார்கள். மேல்தளத்தில் யாரும் நிற்கக் கூடாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நெரிசலான ஊர்களில் இரண்டு மூன்று கப்பல்களை ஒட்டி ஒட்டிக் கட்டுவார்கள். அதிக விலை கொடுத்து எடுத்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கப்பல்காரரின் ஜன்னல் இருக்கும். ரைன் நதியில் மேலே போகும் பயணமாக இருந்தால் கோடைக் கடைசியில் தண்ணீர் வற்றும் அபாயம் உண்டு. 2018-லும் 2022-லும் கௌப் என்ற இடத்தில் ஆழம் மிகவும் குறைந்து போக்குவரத்தே திணறியது. அப்படி ஆனால் மிச்சப் பயணம் பஸ்ஸில்தான். நெதர்லாந்துச் சுற்றில் இந்தத் தொல்லை குறைவு; ஏப்ரலில் போனால் டியூலிப் பூக்களும் கூட. ஆனால் ஆற்றுக் கப்பல் உங்களை ஸ்டாக்ஹோமுக்கோ தாலினுக்கோ கொண்டுபோகாது. அது வேறு கடல்.

ஆற்றையும் கடலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் சிறிய கடல் கப்பல்தான் வழி. வடகடலையும் பால்டிக்கையும் இணைக்கும் கீல் கால்வாய் 1895-இல் திறக்கப்பட்டது. நீளம் 98 கிலோமீட்டர். டென்மார்க்கைச் சுற்றிக்கொண்டு போகும் தூரத்தை அது மிச்சப்படுத்துகிறது. அதன் பாலங்களுக்கு அடியில் போக, கப்பலின் உயரம் நீர்மட்டத்துக்கு மேல் 40 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிய கப்பல்கள் அங்கேயே தோற்றுவிடும். சிறிய கப்பலில் ஒரு பகல் முழுக்க மாடு மேயும் வயல்களுக்கு நடுவே கடல் கப்பலில் போகலாம். பிறகு எல்பேயில் ஏறினால் வேடல் என்ற ஊரில், உள்ளே வரும் கப்பல்களை அவற்றின் நாட்டுக் கீதத்தை இசைத்து வரவேற்கும் நிலையம் 1952 முதல் இயங்குகிறது. அதைக் கேட்டபடி ஹாம்பர்க்கின் செங்கல் கிடங்குகளையும் எல்ப் இசையரங்கத்தின் அலைக்கூரையையும் நெருங்கும் வருகைக்கு ஈடு கிடையாது. நாலு வழிகளில் என் மனம் இதில்தான் நிற்கிறது. விலைதான் பலருக்கும் எட்டாது.

பட்ஜெட் இறுக்கமா? ஃபெர்ரியைத் தைரியமாக எடுங்கள். ஸ்டாக்ஹோமில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை ஹெல்சிங்கி. நைனாஸ்ஹாமில் தவறவிடும் அதே தீவுக்கூட்டத்தின் நடுவேதான் இதுவும் போகிறது. ஜூனில் வெளிச்சம் இரவு பத்து மணி வரை இருக்கும். நடுராத்திரிக்குப் பிறகு ஓலாந்து தீவுகளில் நின்று போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே அந்தத் தீவுகள் இருப்பதால்தான் கப்பலில் வரியில்லாக் கடை நடக்கிறது. ஹெல்சிங்கியிலிருந்து தாலின் இரண்டு மணி நேரம். ஒவ்வோர் ஊரிலும் ஓட்டல் போட்டு இரண்டு இரவு தங்கலாம் என்பதே இதன் பெரிய லாபம். வார இறுதி இரவுகளில் கூச்சலும் குடியும் இருக்கும். பெரியவர்களோடு போனால் வாரநாளில் பதிவு செய்யுங்கள். வைக்கிங் லைன் என்பது ஃபெர்ரி நிறுவனம். வைக்கிங் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனம் வேறு. பதிவு செய்யும்போது குழம்பிவிட வேண்டாம்.

அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு நெதர்லாந்து, பெல்ஜியம் ஆற்றுச் சுற்று. பிள்ளைகளோடு பெரிய கப்பல், அதுவும் கோபன்ஹேகனில் ஏறி இறங்குவதாகப் பார்த்து. நண்பர்களும் தனியாகப் போகிறவர்களும் ஃபெர்ரி.

விசா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பால்டிக் சுற்றும் நெதர்லாந்துச் சுற்றும் முழுக்க ஷெங்கன் நாடுகளுக்குள் என்றால் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். சவுத்தாம்ப்டனில் புறப்படும் கப்பல் என்றால் பிரிட்டன் விசாவும் தனியாக வேண்டும். பயணத்துக்கு நடுவே ஒரு பிரிட்டிஷ் துறைமுகம் வந்தாலும் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைவதாகக் கணக்கு. அதனால் பலமுறை நுழையும் விசாவையே கேட்டு வாங்குங்கள். ஒருமுறை விசாவோடு போனால் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள்.