லாங்கு பஜார் சந்துல என் அடுப்போட சத்தம் நின்னுச்சு

வேலூர் தோட்டப்பாளையத்துல, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்துல எங்க வீடு. வீட்டை ஒட்டி ரெண்டு ரூம் கட்டி வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடறோம். மேற்கு வங்கத்துல இருந்து வர்றவங்கதான் அதிகம். என் சமையல்கட்டு சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க கட்டில்.

பொங்கலுக்கு மூணு பர்னர் கண்ணாடி அடுப்பு ஒண்ணு வாங்கினோம். முதல் நாள்ல இருந்தே பெரிய பர்னர் தொல்லைதான். சிம்ல வச்சா ஒண்ணும் இல்ல. முழுசா திருப்பினா உஸ்ஸுனு ஒரே இரைச்சல், அதுக்கு நடுவுல மெல்லிசா விசில் மாதிரி ஒரு சத்தம், அணைச்சா 'டப்'. காலையில நாலரைக்கு இட்லி ஊத்தறவ நான். பக்கத்து ரூம்ல வயித்துல ஆபரேஷன் ஆனவர் படுத்திருந்தார். அவர் சம்சாரம் ஒரு நாள் வந்து, "அக்கா, காலையில என்ன மெஷின் ஓடுது? அவரு முழிச்சுக்கிறாரு"ன்னு கேட்டப்போ எனக்கு மனசே சரியில்ல.

கம்பெனி சர்வீஸ்ல இருந்து ஒருத்தர் வந்தார். திருகுற குமிழை மாத்தினார், 350 ரூபா வாங்கினார், "புது அடுப்பு அப்படித்தாம்மா, போகப் போக சரியாயிடும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். ஒரு மாசம் ஆச்சு, சரியாகல.

எங்க பால்காரர்தான் இந்த அடுப்பு ரிப்பேர் கடையைச் சொன்னார். லாங்கு பஜார் பக்கத்துல ஒரு சந்து. போர்டு கிடையாது. வாசல்ல பழைய பம்ப் ஸ்டவ் வரிசையா அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். கடைக்காரரை எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுறாங்க. மண்ணெண்ணெய் ஸ்டவ் காலத்துல இருந்து இதே வேலை.

அடுப்பைத் தொடுறதுக்கு முன்னாடியே கேட்டார்: "இன்னாம்மா, மூணும் கத்துதா, ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் பாய்."

"அப்ப ரெகுலேட்டர், டியூப் எல்லாம் நல்லா கீது. கொறை இதுக்குள்ளதான்."

அந்த ஒரு கேள்வியை முன்ன வந்தவர் கேட்கவே இல்ல.

அடுப்பைக் கவுத்துப் போட்டு எனக்கும் காட்டினார். ஜெட்டுல இருந்து, அதாவது கேஸ் வெளிய வர்ற சின்ன ஓட்டை முனையில இருந்து, கேஸ் வேகமா பாயுது. அது பாயுற வேகமே பக்கத்துல இருக்கிற காத்தையும் பர்னருக்குப் போற குழாய்க்குள்ள இழுத்துக்குது. ஒரு பங்கு கேஸ் முழுசா எரியணும்னா 25-ல இருந்து 30 பங்கு காத்து வேணும். அதுல ஒரு பகுதி இந்தக் குழாய் வாய் வழியா போகுது, மீதியை ஜுவாலை வெளியில இருந்து எடுத்துக்குது. குழாய் வாயில காத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வட்டத் தகடு, ஏர் ஷட்டர், இருக்கு. என் அடுப்புல அது முழுசா திறந்து கிடந்தது. காத்து மிஞ்சிப் போனதால ஜுவாலை பர்னரை விட்டுக் கொஞ்சம் தூக்கி நின்னு எரிஞ்சிருக்கு. இரைச்சலும் 'டப்'பும் அதாலதான்னார்.

விசிலுக்குக் காரணம் வேற. என் விரலைப் பிடிச்சுக் குழாய் வாய் ஓரத்துல வச்சார். வார்ப்புல விட்டுப்போன பிசிறு, நகக்கண்ணுல குத்துற மாதிரி இருந்துச்சு. ஜெட்டும் நடுவுல இல்லாம ஒரு பக்கமா சாஞ்சிருந்தது. உருண்டை அரத்தால மூணு நாலு தடவை மெதுவா இழுத்தார், உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்ச்சார், தூளை ஊதி, துணியால துடைச்சார். மறுபடி விரல் வச்சேன், வழவழன்னு இருந்தது. ஜெட்டை நேரா உக்கார வச்சு, கடை சிலிண்டர்ல பத்த வச்சார்.

அப்புறம்தான் பொறுமையான வேலை. தகட்டை ஒரு மயிரிழை மூடுவார், ஜுவாலையைப் பார்ப்பார். கொஞ்சம் அதிகமா மூடினப்போ நுனியில மஞ்சள் தெரிஞ்சது. "இப்பிடி வுட்டா பாத்திரம் கரி புடிக்கும்"னு திரும்பத் திறந்தார். மஞ்சள் போய், உள்ளே தெளிவா நீலக் கூம்பு வந்ததும் திருகை முடுக்கினார். இரைச்சல் அடங்கிடுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, உண்மையா சொல்றேன்.

மொத்தம் முக்கால் மணி நேரம், 150 ரூபா. நான் நின்னுட்டு இருந்தப்பவே ஒரு ஓட்டல்காரர் வந்து, ஜெட் ஓட்டையைப் பெருசாக்கித் தரச் சொன்னார். பாய் முடியாதுன்னுட்டார். ஓட்டை பெருசானா கேஸ் அளவுக்கு மிஞ்சி வரும், ஆபத்து. அதுக்காகவே இந்தக் கடையை நான் நம்புறேன். வீட்டுல இதை நாமளே கழட்டிப் பார்க்காதீங்க, ஜெட்டுக்குள்ள ஊசி விட்டுக் குத்தாதீங்க.

குறையும் இருக்கு. வீட்டுக்கு வர மாட்டார், அடுப்பை ஆட்டோவுல நாமதான் தூக்கிட்டுப் போகணும். உக்கார இடம் இல்ல, ரசீது இல்ல. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை மூடியிருக்கும். பால் பொங்கி வழிஞ்ச அன்னைக்கு 'டப்' சத்தம் ஒரு தடவை திரும்ப வந்தது. பர்னர் மேல இருக்கிற பித்தளை மூடியைக் கழுவி, காய வச்சு, பள்ளத்துல சரியா உக்கார வச்சதும் நின்னுடுச்சு.

வீட்டுக்கு வந்து டியூபை மாட்டினதும் மூட்டுல எல்லாம் சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தேன், குமிழி வரல. நீங்களும் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. கசிவு இருந்தா சிலிண்டரை மூடிட்டு, ஜன்னலைத் திறந்துட்டு, கேஸ் கசிவு அவசர எண் 1906-க்கு போன் பண்ணுங்க.

மூணு வாரம் ஆச்சு. இட்லிப் பானை அடியில கரி இல்ல. ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு அந்த அம்மா, "அக்கா, இப்போ அவரு ஆறு மணி வரைக்கும் தூங்குறாரு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ரூம்ல இருக்கிற ரெண்டு பர்னர் அடுப்பையும் வர்ற திங்கக்கிழமை அவர்கிட்டயே எடுத்துட்டுப் போறேன்.