நாற்பத்தைந்தில் நாடி பார்த்தல்: அட்டவணையா, ஸ்கேனா?

மட்டக்களப்பில் பழைய கல்லடிப் பாலத்துக்கு மாலை நடைக்கு வருகின்ற என் வயதொத்தவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. நெஞ்சில் வலியில்லை, படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, ஆனால் வயது நாற்பத்தைந்தைக் கடந்துவிட்டது; இந்த நிலையில் இதயத்தின் பாட்டை எதை வைத்து அறிவது? ஊர் வைத்தியசாலையில் இலவசமாகப் பார்க்கின்ற ஆபத்து அட்டவணை போதுமா, கழுத்திலும் தொடையிலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்ய வேண்டுமா, கொழும்புக்குப் போய் சி.ரி. எடுக்க வேண்டுமா, அல்லது தனியார் இடங்களில் ஈ.சி.ஜி.யையும் ட்ரெட்மில்லையும் சேர்த்து விற்கின்ற ‘முழு உடற் பரிசோதனை’ப் பொதி போதுமா? இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோது, இவை ஒரே கேள்விக்கான நான்கு விடைகள் அல்ல என்பதே எனக்கு முதலில் தெளிவானது.

தேடப்படுவது எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாடிகளின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சிக் கலங்களும் படிந்து, பின்னர் சுண்ணாம்பும் சேர்ந்து தடிப்பதையே அதரோஸ்க்ளெரோசிஸ் என்கிறோம். இது மாரடைப்பு வருகின்ற ஆண்டில் தொடங்குவதன்று. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை வெட்டிப் பார்த்து 1953இல் வெளியிட்ட அறிக்கை, சராசரி 22 வயதான அவர்களில் 77 சதவீதமானோரின் இதய நாடிகளில் இந்நோயின் அடையாளம் இருந்ததாகக் கூறியது. அவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமற்போனதற்கான காரணத்தை 1987இல் அமெரிக்க நோயியலாளர் கிளாகோவும் அவரது சகாக்களும் விளக்கினர்: படிவு வளரும்போது நாடி வெளிப்புறமாக விரிந்து இடங்கொடுக்கிறது, நாடியின் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும்வரை இரத்தம் ஓடும் பாதை ஒடுங்குவதில்லை.

இந்த ஒரு உண்மையே பொதிப் பரிசோதனையின் கதையை முடித்துவிடுகிறது. ட்ரெட்மில் பரிசோதனை காண்பது ஒடுக்கத்தின் விளைவை. நாடி கணிசமாக ஒடுங்கி, ஓடும்போது இதயத் தசைக்கு இரத்தம் போதாமற்போனால்தான் ஈ.சி.ஜி.யின் கோடு மாறும். ஓய்வில் எடுக்கும் ஈ.சி.ஜி. அதையும் விடக் குறைவாகவே சொல்லும். ஆனால் மாரடைப்புகளில் பல, பாதையைப் பெரிதும் அடைக்காத படிவொன்று வெடித்து அதன்மேல் இரத்தம் உறைவதால் நேர்பவை. ‘நோர்மல்’ என்று எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதையே நற்சான்றிதழாகக் கருதிப் புகைத்தலைத் தொடர்ந்த ஒருவரை நான் அறிவேன். அறிகுறியற்ற ஒருவர் இந்தப் பொதிக்குப் பணம் கொடுப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

அட்டவணையின் நிலை வேறு. இலங்கையின் ஆரம்ப சுகாதார நிறுவனங்களில் 2011 முதல் நடைபெறுகின்ற ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில், 35 வயதைக் கடந்தவர்களின் உயரம், நிறை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றைப் பார்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அவரவர் கட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள். அட்டவணையின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு 40 முதல் 74 வயது வரையானோருக்கானது. வயது, பால், புகைத்தல், மேல் இரத்த அழுத்தம், நீரிழிவு, மொத்தக் கொலஸ்ட்ரோல் ஆகியவற்றைக்கொண்டு, அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பாரிசவாதமோ வருவதற்கான வாய்ப்பை நிறங்களில் காட்டுகிறது. ஐந்து சதவீதத்துக்குக் கீழே பச்சை, முப்பதும் அதற்கு மேலும் கருஞ்சிவப்பு. இரத்தப் பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் கொலஸ்ட்ரோலுக்கும் சீனிக்கும் பதிலாக உடற்திணிவுச் சுட்டியை வைத்துப் பார்க்கின்ற இன்னொரு வடிவமும் உண்டு. படுவான்கரைக் கிராமமொன்றில், இரத்த அழுத்தமானியும் நிறுக்கும் தராசும் மட்டுமே வைத்திருக்கின்ற ஒரு தாதி இதைச் செய்துவிட முடியும் என்பது சிறிய காரியமன்று.

ஆனால் அட்டவணைக்கு ஒரு பிறவிக் குறை இருக்கிறது. அது பத்து ஆண்டுக் கணக்கு. அந்தக் கணக்கில் மற்ற எதையும் விட வயதே பாரமானது. நாற்பத்து நான்கு வயதில் நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட் புகைப்பவர், அழுத்தம் சற்றுக் கூடியவராக இருந்தாலும், பச்சையிலோ மஞ்சளிலோதான் நிற்பார். அதே பழக்கத்தோடு அறுபத்து நான்கில் வந்தால் நிறம் மாறிவிடும். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நாடிக்குள் நடந்தது என்ன என்பதை அட்டவணை கேட்பதே இல்லை. தந்தைக்கோ சகோதரருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்ததா என்றும் அது கேட்பதில்லை. இது எமக்கு மற்றவர்களை விடக் கூடுதலாக உறைக்க வேண்டிய விடயம்: இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளின் தரவுகளை அலசி 2007இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வறிக்கையின்படி, முதல் மாரடைப்பின் இடைநிலை வயது தெற்காசியரில் 53 ஆகவும் ஏனைய நாடுகளில் 59 ஆகவும் இருந்தது.

இந்தக் குறை எவ்வளவு பெரிதென்று காட்டியது ஸ்பெயினின் பேசா ஆய்வு. மட்ரிட்டிலுள்ள தேசிய இதயநோய் ஆய்வு மையம், வலென்டின் ஃபுஸ்டரின் தலைமையில், சன்டான்டர் வங்கியின் ஊழியர்களில் 40 முதல் 54 வயது வரையான 4,184 பேரை 2010 முதல் சேர்த்து, அல்ட்ராசவுண்டாலும் சி.ரி.யாலும் ஆராய்ந்தது. இவர்கள் நோயாளிகள் அல்லர், நாள்தோறும் வேலைக்குப் போனவர்கள். 2015இல் வெளியான முதல் முடிவுகளில், அவர்களில் 63 சதவீதமானோருக்கு, ஆண்களில் 71, பெண்களில் 48, எங்கேனும் ஒரு நாடியில் நோய் தென்பட்டது. அதை விட முக்கியமாக, பத்து ஆண்டுக் கணக்கில் ‘குறைந்த ஆபத்து’ என்று வந்தவர்களிலேயே 58 சதவீதமானோருக்கு நோய் இருந்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், அழுத்தம், சீனி, கொலஸ்ட்ரோல், புகைத்தல் எதிலுமே வழமையான எல்லையைத் தாண்டாதவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோதும் ஏறத்தாழப் பாதிப்பேரின் நாடிகளில் படிவு காணப்பட்டது, ‘கெட்ட கொலஸ்ட்ரோல்’ எனப்படும் எல்.டி.எல். 60-70 மில்லிகிராம் அளவில் இருந்தவர்களில் அது 11 சதவீதமாகவும், 150-160 அளவில் இருந்தவர்களில் 64 சதவீதமாகவும் இருந்தது. ஆய்வுகூட அறிக்கையில் 160க்குக் கீழே நட்சத்திரக் குறி விழாததால் ‘கொலஸ்ட்ரோல் நோர்மல்’ என்று நாம் சொல்லிக்கொள்வது எவ்வளவு தளர்வான சொல் என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன. மட்ரிட் வங்கி ஊழியரின் எண்கள் கல்முனை ஆசிரியருக்கோ திருக்கோவில் மீனவருக்கோ அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். என்றாலும் எமது பக்கம் அதைவிட நலமாக இருக்கும் என்று நம்புவதற்கு இன்டர்ஹார்ட் இடம் வைக்கவில்லை.

அப்படியானால் ஸ்கேன்தான் விடையா? இங்கேதான் எந்த ஸ்கேன், எந்த நாடி என்பது பெரிய வேறுபாடாகிறது. பேசா ஆய்வில் படிவு கூடுதலாகத் தென்பட்ட இடம் இடுப்பு–தொடை நாடிகள், 44 சதவீதம். கழுத்து நாடியில் 31, பெருநாடியில் 25, சி.ரி.யில் தெரிகின்ற இதய நாடிச் சுண்ணாம்பு 18 மட்டுமே. கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘சுத்தமாக இருக்கிறது’ என்று அனுப்புகின்ற வழக்கம், அதிகம் தெரியக்கூடிய இடத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறது. கழுத்து ஸ்கேன் அறிக்கைகளில் ஐ.எம்.ரி. என்று எழுதப்படும் சுவர்த் தடிப்பின் அளவையும் நான் பெரிதாக எடுப்பதில்லை. அளப்பவருக்கு அளப்பவர் மாறுகின்ற அந்த எண்ணை வழிகாட்டு நெறிகளும் தனிநபரின் ஆபத்தைக் கணிக்கப் பரிந்துரைப்பதில்லை. கேட்க வேண்டியது படிவு உண்டா, எத்தனை இடத்தில் என்பதையே.

அல்ட்ராசவுண்டுக்குக் கதிர் இல்லை, ஊசி இல்லை. கருவி எமது ஆதார வைத்தியசாலைகளுக்கு அந்நியமானதும் அன்று. குறை, பார்ப்பவரின் கையில் இருக்கிறது: படிவைத் தேடிப் பழகிய கண் வேண்டும். கவட்டுப் பகுதியை ஆண் ஒருவர் பரிசோதிப்பதென்றால் எமது பெண்களில் பலர், தமிழரோ முஸ்லிமோ, வரமாட்டார்கள் என்பதையும் திட்டமிடுபவர்கள் வெட்கப்படாமல் கணக்கில் எடுக்க வேண்டும்.

சி.ரி. கல்சியம் ஸ்கோர் இன்னொரு வகை. சாயமருந்து ஏற்றாமல், ஏறத்தாழ ஒரு மில்லிசீவர்ட் கதிரில், இதய நாடிகளில் உள்ள சுண்ணாம்பை எண்ணித் தருகின்ற இம்முறையை 1990இல் அமெரிக்க இதயநோய் நிபுணர் அகட்ஸ்டன் வகுத்தார். நூறோ அதற்கு மேலோ வந்தால், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் மருந்தான ஸ்டாடின் தொடங்குவதற்கு வலுவான காரணம் என்று 2018ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டல் சொல்கிறது. ஐம்பத்தைந்து வயதானவருக்கு இதன் ‘பூச்சியம்’ நல்ல ஆறுதல். நாற்பத்திரண்டு வயதானவருக்கு அதே பூச்சியத்தின் பெறுமதி குறைவு. படிவு முதலில் மென்மையானது, சுண்ணாம்பு பின்னால்தான் வரும். 50 முதல் 64 வயது வரையானோரை ஆராய்ந்த சுவீடனின் ஸ்கேபிஸ் ஆய்வு, சாயமருந்து ஏற்றிய சி.ரி. மூலம் 25,000க்கும் மேற்பட்டோரைப் பார்த்து, 42 சதவீதமானோரின் இதய நாடிகளில் படிவு இருப்பதை 2021இல் அறிவித்தது. கல்சியம் பூச்சியமாக வந்தவர்களிலும் 5.5 சதவீதமானோருக்குப் படிவு இருந்தது. சி.ரி. இயந்திரம் ஒன்று இருப்பதும், இதயத் துடிப்போடு இசைத்துப் படமெடுக்கும் வசதி அதில் இருப்பதும் வேறு வேறு என்பதைப் பயணத்துக்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

சாயமருந்து ஏற்றும் சி.ரி. அஞ்சியோ இதய நாடிகளை மற்ற ஸ்கேன்களை விடத் தெளிவாகக் காட்டும். ஆனால் நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சாயமருந்து சும்மாவன்று. அதன் பயனைக் காட்டியதாக எடுத்துக்காட்டப்படும் ஸ்கொட்லாந்தின் ஸ்கொட்-ஹார்ட் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் நெஞ்சுவலியோடு வந்தவர்கள். வலியே இல்லாதவர் அதைத் தன் வாதமாக எடுக்க முடியாது.

இனி, பார்ப்பதால் பயனுண்டா என்ற கேள்வி. டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையான 46,611 ஆண்களை வைத்துச் செய்த டான்காவாஸ் ஆய்வு, சி.ரி. உள்ளிட்ட பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இறப்பு 12.6 சதவீதமும் அழைக்கப்படாதவர்களிடையே 13.1 சதவீதமும் என்று 2022இல் அறிவித்தது. அந்த வேறுபாடு புள்ளியியல் முறையில் உறுதியாகவில்லை. நடுவயதினருக்கு இதே போன்ற பெரிய விடையொன்றை நான் காணவில்லை. மறுபக்கத்தில், வட சுவீடனில் 40, 50, 60 வயதான மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த விப்விசா ஆய்வு, கழுத்து நாடியின் படத்தை அவரவருக்கும் அவரவர் வைத்தியருக்கும் அனுப்பி, தாதி ஒருவர் தொலைபேசியில் விளக்கியபோது, ஓராண்டின் பின் அவர்களின் ஆபத்துக் கணக்கு மற்றவர்களினதை விடக் குறைந்திருந்ததை 2019இல் காட்டியது. படம் மருந்தன்று, ஆனால் மருந்தை விழுங்க வைக்கிறது.

எங்கள் நாட்டுச் சான்று வேறு திசையில் நிற்கிறது. இலங்கையில் 700 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ட்ரையம்ப் ஆய்வில், மூன்று அழுத்த மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் 70 சதவீதமானோர் இலக்கை எட்டினர். வழமையான சிகிச்சையில் 55. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் கிராமங்களில் நடந்த கோப்ரா ஆய்வில், சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று அழுத்தத்தைப் பார்த்து ஆலோசனை சொன்னதும், வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் சேர்ந்து மேல் அழுத்தத்தை 5 புள்ளியளவு கூடுதலாகக் குறைத்தன. எந்த ஸ்கேனும் இல்லாமல் கிடைத்த பலன் இது. ஆகவே மாவட்டத்தின் பணத்தை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால், அட்டவணைக்கும் அழுத்தமானிக்கும் வீடு தேடிப் போகும் கால்களுக்கும் என்பேன்; இயந்திரம் அதன் பின்னர்தான்.

தனி ஒருவரின் கணக்கு அதிலிருந்து சற்று மாறும். நிறம் சிவப்பாக வந்தவருக்கும், நீரிழிவு உள்ளவருக்கும் ஸ்கேன் தேவையில்லை. படிவு இருக்கிறது என்றே எண்ணி வைத்தியர் சிகிச்சையைத் தொடங்குவார். பச்சையில் நின்று, புகைக்காமல், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இல்லாதவரும் பொறுத்திருக்கலாம். இடையில் நிற்பவருக்குத்தான் ஸ்கேன் உண்மையில் பேசும்: அட்டவணை பச்சை, ஆனால் அப்பா ஐம்பதில் போனவர், எல்.டி.எல். 140, குளிசை எடுப்பதா வேண்டாமா என்று வைத்தியருக்கே தயக்கம். இவருக்கு நான் சொல்வது, லிப்போபுரோட்டீன் ஏ என்ற இரத்தப் பரிசோதனையை வாழ்நாளில் ஒரு முறை செய்வது, பிறகு தொடையையும் கழுத்தையும் சேர்த்து அல்ட்ராசவுண்ட் பார்ப்பது. இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களில் ஒன்றான லிப்போபுரோட்டீன் ஏயின் அளவு பெரிதும் பரம்பரையால் தீர்மானிக்கப்படுவது, ஆண்டுதோறும் மாறாது. வயது ஐம்பதைத் தாண்டி, அல்ட்ராசவுண்டிலும் தெளிவு கிடைக்காவிட்டால் மட்டுமே கல்சியம் ஸ்கோருக்குப் பேருந்து ஏறுவது பொருந்தும்.

படிவு தெரிந்து ஸ்டாடின் தொடங்கியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் மறுபடி ஸ்கேன் எடுக்க விரும்புவதைக் காண்கிறேன். ஸ்டாடின் மென்மையான படிவை இறுகச் செய்வதால் கல்சியம் எண்ணிக்கை சிகிச்சையின்போதே கூடலாம். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடுபவர் தனக்குத்தானே தீங்கு செய்கிறார். அல்ட்ராசவுண்டில் ஓராண்டில் ஏற்படும் மாற்றமோ பெரும்பாலும் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். பேசா ஆய்வே மூன்று ஆண்டு இடைவெளிகளில்தான் மறுபடி பார்த்தது. ஆறு ஆண்டுகளின் முடிவில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் முன்னேறியிருந்தது, முதலிலேயே நோய் இருந்தவர்களில் 8 சதவீதமானோருக்குப் பின்வாங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் கிளினிக் கொப்பியில் எழுதப்பட வேண்டிய எண்கள் எல்.டி.எல்.லும் இரத்த அழுத்தமும்தான், எல்.டி.எல். ஒவ்வொரு 39 மில்லிகிராம் குறையும்போதும் பெரிய இதய, மூளை இரத்தக்குழாய் நிகழ்வுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதை ஸ்டாடின் ஆய்வுகளின் கூட்டுப் பகுப்பாய்வு காட்டியிருக்கிறது.