43 வேர்ட் ஃபைல், மொத்தம் எத்தனை பக்கம்?

கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்காக 43 வேர்ட் ஃபைல்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. அச்சகத்தில் முதல் கேள்வியே "மொத்தம் எத்தனை பக்கம் சார்?" என்பதுதான். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்குப் போட்டுத்தான் விலை சொல்வார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, கீழே தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்வது ஐந்தாறு ஃபைலுக்குச் சரி. 43க்கு ஆகாது.

முதலில் விண்டோஸ் ஃபோல்டரில் 'டீட்டெய்ல்ஸ்' காட்சிக்குப் போய், 'பேஜஸ்' என்ற பத்தியைச் சேர்த்தேன். அரை நிமிட வேலை. எண்களை எக்செலில் கூட்டினால் 371. ஆனால் பத்துப் பக்கமாவது இருக்கும் என்று எனக்கே தெரிந்த ஒரு கட்டுரைக்கு நேரே 1 என்று இருந்தது. இரண்டு ஃபைலுக்கு எண்ணே இல்லை. விஷயம் இதுதான்: டாக்எக்ஸ், அதாவது இப்போதைய வேர்ட் ஃபைல், உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம். கடைசியாகச் சேமித்த மென்பொருள் அதற்குள் எழுதிவைத்த பக்க எண்ணிக்கையைத்தான் விண்டோஸ் வாசித்துக் காட்டுகிறது, தானாக எண்ணுவதில்லை. வேர்டில் இல்லாமல் வேறெங்கோ தயாரான ஃபைலில் அந்தக் குறிப்பு தப்பாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அப்புறம் மேக்ரோ. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, 'கம்ப்யூட்ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' கட்டளையால் எண்ணி மூடும் சின்ன நிரல். டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. பாஸ்வேர்டு போட்ட ஃபைல் வந்தால் அங்கேயே நின்றுவிடும். விடை 402. இதை நம்பலாம், ஆனால் அந்தக் கணினியில் மட்டும். தமிழ் ஃபைல்கள் காலை வாருவது இங்கேதான். பாமினியில் அடித்த கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், பக்கமும் மாறிவிடும். யூனிகோடுக்கும் விலக்கில்லை. விண்டோஸ் 10இல் லதா என்ற யூனிகோடு எழுத்துருவைத் தனியாக நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு எழுத்துரு வந்து உட்காரும், அது அடைக்கும் இடம் வேறு.

லிப்ரே ஆஃபிஸ் இலவசம், ஃபோல்டர் முழுவதையும் ஒரே கட்டளையில் பிடிஎஃப் ஆக்கித் தரும். ஆனால் வரி மடிப்பது அதன் போக்கில்தான், வேர்டின் எண்ணோடு பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. வேர்டே இல்லாதவர்களுக்குத்தான் அதைச் சொல்வேன்.

நான் கடைசியில் செய்தது வேறு. தேவையான எழுத்துருக்களை நிறுவி, எல்லா ஃபைலையும் டெமி 1/8 என்ற, ஏ4ஐவிடச் சிறிய புத்தக அளவுக்கு மாற்றி, வேர்டிலிருந்தே பிடிஎஃப் எடுத்து ஒன்றாகச் சேர்த்தேன். அதுவரை கூட்டியதெல்லாம் ஏ4 பக்கங்கள், நடுவே சில அமெரிக்க லெட்டர் அளவும் கலந்திருந்தது. லெட்டர் தாள் ஏ4ஐவிட ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் குட்டை. புத்தகத்தின் பக்கம் இரண்டுமே இல்லை. பிடிஎஃபில் 628 வந்தது. ஒருமுறை பிடிஎஃப் ஆகிவிட்டால் அச்சகத்துக் கணினியிலும் அது 628தான்.

ஒவ்வொரு கட்டுரையும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்றார் தொகுப்பாசிரியர். ஒற்றைப்படைப் பக்கம் கொண்ட கட்டுரைகள் 20. ஆளுக்கொரு வெற்றுப் பக்கம் சேர்த்தால் 648, அதாவது நாற்பதரை ஃபாரம்.